ஜப்தி முடியும் வரை

மேசை இழுப்பறையை இரண்டாவது முறையாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "சாவி எங்க போச்சுன்னே தெரியலையே" என்று நாளைக்காரர் நிமிர்ந்த நேரத்தில், அவளுடைய கைப்பைக்குள் போன் அடிக்க ஆரம்பித்தது.

பையைத் திறந்து பார்த்தாள். தம்பி கூப்பிடுகிறான். எடுக்கவில்லை. பையின் வாயை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இழுப்பறையிலிருந்து மேசைமேல் கொட்டியிருந்த சாமான்களைப் பார்த்தபடி நின்றாள். காய்ந்துபோன பேனாக்கள், ரப்பர் முத்திரைகள், அளவு டேப், பாதி தின்ற இருமல் மாத்திரை அட்டை. கிரேன் சாவி மட்டும் இல்லை. போன் அடித்து ஓய்ந்தது.

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது தம்பியிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள். "சும்மா சும்மா போன் பண்ணாதே. அதுன்னா மட்டும் பண்ணு." எது என்று அவன் கேட்கவில்லை. உள்ளறையில் அப்பா கண்ணை மூடிக்கொண்டு வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அக்காளும் தம்பியும் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தம்பி சொன்ன சொல்லைத் தாண்டாதவன். ஆகவே இந்தப் போனுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் இருக்க முடியும்.

"நிதானமாத் தேடுங்க. நான் எங்கயும் போகலை" என்றார் அமீனா.

அமீனா என்றால் கோர்ட் அனுப்பி ஜப்திக்கு வருகிறவர். இவர் ஓய்வு பெறுகிற வயதை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கோப்பை வைத்துக்கொண்டு, வயிற்றுப் புண்ணுக்காகச் சட்டைப் பையிலிருந்து ஒவ்வொரு பிஸ்கட்டாக எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தார். நாளைக்காரர் தேநீர் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, ஜப்திக்குப் போகிற இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று சொல்லிவிட்டார். வெளியே, துருப்பிடித்த சாரக் குழாய்களுக்கும் சிமென்ட் மூட்டைகளுக்கும் நடுவே மஞ்சள் நிறத்தில் கிரேன் நின்றது. அதை ஓட்டிப் போக அவள் கூலி பேசி அழைத்து வந்திருந்த டிரைவர், நிழல் விழுகிற பக்கம் பார்த்து டயரில் சாய்ந்திருந்தான்.

கான்ட்ராக்டருக்கு நாளைக்காரர் என்று பெயர் வைத்தது அப்பாதான். அப்பா சாரம் கட்டுகிறவர். கட்டடத்தைச் சுற்றிக் குழாய்களை நிறுத்தி, கிளாம்ப் போட்டு முடுக்கி, பலகை பரப்பி, பூச்சு வேலைக்காரர்களும் பெயின்ட்காரர்களும் நிற்பதற்கு இடம் செய்து கொடுக்கிற வேலை. எந்தக் கட்டடத்துக்கும் முதல் குடித்தனம் நான்தான் என்று பீற்றிக்கொள்வார். ஒரு நாள் கான்ட்ராக்டரிடம் போய், கிளாம்பெல்லாம் துரு தின்று கிடக்கிறது, புதிது வேண்டும் என்றார். "நாளைக்கு மாத்திடலாம், இன்னிக்கு ஏறு" என்றார் கான்ட்ராக்டர். அப்பா ஏறினார். ஏறுவதற்குத்தான் நேரம் பிடித்தது.

விழுந்ததில் இடுப்பெலும்பு நொறுங்கியது. கட்டிலோடு கிடந்து, பிறகு கம்பு ஊன்றி, வாசல்வரை வந்து போகிற மனிதரானார். வலிக்கு அவர் மாத்திரை தின்றார். மாத்திரை அவருடைய சிறுநீரகத்தைத் தின்றது. ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தம்பியின் டெலிவரி வேன் அடமானத்துக்குப் போயிற்று. இன்னும் கொஞ்ச நாளில் அதுவும் கைவிட்டுப் போகிற நிலைமை. கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே அவள் கோர்ட்டுக்கு நடந்தாள். நடந்து நடந்து, கான்ட்ராக்டர் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பும் வாங்கிவிட்டாள். தெருவில் இருந்தவர்களெல்லாம், இனி உங்களுக்கென்ன என்றார்கள்.

இனிமேல்தான் எல்லாம் இருந்தது. நாளைக்காரர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். முதலில் அவருடைய சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தம் செய்யச் சொல்லிக் கோர்ட் உத்தரவு போட்டது. போய்ப் பார்த்தால் கம்பெனி மனைவி பெயரில் இருந்தது. அதில் இவர் மாதச் சம்பளத்துக்கு இருக்கிற ஒரு சூப்பர்வைசர். சம்பளமோ வாசலில் நிற்கிற காவலாளி வாங்குவதைவிடக் குறைவு. அவ்வளவு குறைந்த சம்பளத்தில் கைவைக்கச் சட்டம் விடாது. அடுத்தது வங்கிக் கணக்கு. முடக்கச் சொல்லி உத்தரவு போவதற்கு முந்தின சாயங்காலமே பணம் வெளியே போய்விட்டது. ஒரு ஜோடி செருப்பு வாங்குகிற அளவுக்கு மட்டும் மிச்சம் வைத்திருந்தார். அதைக் கேட்டு அப்பா கட்டிலில் படுத்தபடியே வெகுநேரம் சிரித்தார். "எனக்கு ஒரு கால்தானே நடக்குது. ஒத்தச் செருப்புப் போதும். மீதியைத் திருப்பிக் குடுத்துடு" என்றார். வீடு மாமியார் பெயரில், கார் மச்சான் பெயரில். அந்த மனிதர் பெயரில் இருந்தது அவருடைய பெயர் மட்டும்தான்.

கல்லில் நார் உரிக்கிற வேலை என்று வக்கீலே அலுத்துப்போன சமயத்தில்தான் கிரேன் அகப்பட்டது. கண்ணாடிக் கடைக்குப் படிக்கிற கண்ணாடி மாற்ற வந்த ஓர் ஆள், கிரேனைப் பாரம் தூக்குகிற வேலைக்கு விடுவதற்கு உரிமம் வேண்டும், உரிமம் யார் பெயரிலோ வண்டியும் அவர் பெயரில்தான் இருந்தாக வேண்டும் என்று பேச்சுவாக்கில் சொன்னார். உரிமம் நாளைக்காரர் பெயரில் இருந்தது. எல்லாவற்றையும் மனைவிக்கும் மச்சானுக்கும் எழுதிவைத்த மனிதர், இந்த ஒன்றை மட்டும் எழுத முடியாமல் மாட்டிக்கொண்டார். அதற்கு ஜப்தி உத்தரவு வாங்கவே ஏறக்குறைய ஒரு வருஷம் ஓடிவிட்டது. உத்தரவின் கெடு இன்று சாயங்காலத்தோடு முடிகிறது. அப்பாவுக்கு நேற்று இரவு மூச்சு மாறிவிட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனிமேல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் வக்கீல் போனில் சொன்னது அவளுக்கு ஒரு வார்த்தை விடாமல் நினைவிருந்தது. "உங்க கையில இருக்கறது உங்க அப்பா எழுதிக் குடுத்த அதிகாரப் பத்திரம். அவர் உயிரோட இருக்கற வரைக்கும்தான் அதுக்கு உயிர். அவர் போயிட்டா நீங்க வாரிசுன்னு நிரூபிச்சு, மறுபடி முதல்லேர்ந்து வரணும். அதுக்குள்ள அந்தாளு கிரேனை வித்துட்டு, வித்த காசுக்கும் வரவு செலவு எழுதிடுவான். அமீனா உங்ககிட்ட ஒரு உறுதிமொழி வாங்குவார். வாதி உயிரோட இருக்கார்னு உங்களுக்குத் தெரிஞ்சவரைக்கும் சொல்லி கையெழுத்துப் போடணும். தெரிஞ்சு பொய் சொன்னா மாட்டிக்குவீங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "தெரியாம இருந்தா தப்பில்லை" என்றும் சொன்னார். வக்கீல்கள் இப்படித்தான். கதவைக் காட்டுவார்கள், திறக்கச் சொல்ல மாட்டார்கள்.

அதனால்தான் அவள் போனை எடுக்கவில்லை. எடுக்காதவரைக்கும் அவளுக்குத் தெரியாது.

போன் மறுபடி அடித்தது.

"யாரும்மா விடாமக் கூப்பிடுறது?" என்றார் நாளைக்காரர். இழுப்பறையிலிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

"கடையிலேர்ந்து."

"எடுத்துப் பேசேன். அவசரமா இருக்கப் போவுது."

"பரவால்லை. அப்புறம் பேசிக்கறேன்."

அவர் அவளையே பார்த்தார். நல்ல வளர்த்தி, எண்ணெய் வைத்து வாரிய தலை, பேசும்போது தலையைச் சாய்த்துக் கேட்கிற மரியாதை. எல்லாரிடமும் இனிக்க இனிக்கப் பேசுகிறவர். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்திப் பேசியதில்லை. "அப்பாவுக்கு ரொம்ப முடியலையாமே" என்றார் இப்போது, அடங்கிய குரலில். "கேள்விப்பட்டேன். என்ன இருந்தாலும் எங்கிட்ட உழைச்ச மனுஷன். மனசு கேக்கலை."

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. இவர் சாவியைத் தேடவே இல்லை. காலையிலிருந்து சாவி இல்லை என்றார். தன் டிரைவர் லீவு என்றார். மச்சான் வந்துவிடட்டும் என்றார். அமீனாவின் அடையாள அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, அதைப் படம் எடுத்து அவருடைய வக்கீலுக்கு அனுப்பினார். எல்லாம் நேரத்தைக் கடத்தத்தான். அப்பா போகட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறார்.

சரி, நீ எதற்குக் காத்துக்கொண்டிருக்கிறாய் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். அப்பா போகாமல் இருக்கட்டும் என்று. எதுவரைக்கும் போகாமல்? கிரேன் கேட்டைத் தாண்டுகிறவரைக்கும். இரண்டு பேரும் ஒரே மனிதரின் மூச்சை வைத்துத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்காகத் தொடங்கிய வழக்கு எந்த இடத்தில் அப்பாவைத் தாண்டிப் போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியாக எப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து வழக்கைத் தவிர வேறு எதையாவது பேசினோம் என்றும் நினைவு வரவில்லை. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இருந்தும் பையைத் திறக்கவில்லை.

நாளைக்காரரின் போனில் அவருடைய வக்கீல் வந்தார். இவர் உம் கொட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே, தீர்ப்பு வாங்கினவர் நேரில் வர வேண்டாமா என்று அமீனாவிடம் கேட்டார். வர வேண்டாம், அதிகாரப் பத்திரம் வைத்திருப்பவர் கூட நின்று பொருளை அடையாளம் காட்டினால் போதும் என்றார் அமீனா.

"அவர் உயிரோட இருந்தாத்தானே அந்தப் பத்திரம் செல்லும்?"

"ஆமா."

"இருக்காரா?"

வெளியே டிரைவர் எதற்கோ தொண்டையைச் செருமினான். அந்த நேரம் பார்த்து அவளுடைய கக்கத்தில் போன் மூன்றாவது முறையாக அதிர்ந்தது. பையின் தோலுக்குள் அது துடிப்பது அவளுடைய விலா எலும்பில் உறைத்தது.

"அதை எடுத்துப் பேசச் சொல்லுங்க சார்" என்றார் நாளைக்காரர். "எடுத்தா எல்லாம் தெரிஞ்சுடும். ஸ்பீக்கர்ல போடச் சொல்லுங்க."

அமீனா கையிலிருந்த பிஸ்கட்டை முழுக்கத் தின்று முடித்தார். விரல் நுனிகளைத் துடைத்துக்கொண்டார். "அது அவங்க போன். அதை ஜப்தி பண்ண எங்கிட்ட உத்தரவு இல்லை" என்றார்.

நாளைக்காரர் எழுந்து வந்து, அவளைச் சன்னல் பக்கம் தனியாகக் கூப்பிட்டார். குரலில் தேன் வழிந்தது. எதற்கு இந்தப் பொல்லாப்பு என்றார். ஒரு பகுதியை இப்போதே செக்காகத் தந்துவிடுவதாகவும், அப்பாவின் காரியத்துக்கு ஆகும் என்றும் சொன்னார். காரியம் என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தில் அவளுக்கு முதுகு கூசியது. அந்தத் தொகை இருந்தால் தம்பியின் வேனைப் பாதி மீட்கலாம் என்றும் அதே நேரத்தில் மனம் கணக்குப் போட்டது. செக் எந்த வங்கிக் கணக்குக்கு உரியதாக இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"மீதி?" என்று கேட்டாள்.

"மீதியை நாளைக்குப் பேசிக்கலாமே."

அவர் இதை வேண்டுமென்று சொல்லவில்லை. பழக்கத்தில் வந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுகையில் போய் முடியும் என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டாள். அமீனாவிடம் திரும்பி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள்.

அமீனா கோப்பைத் திறந்து தாளை எடுத்தார். உடனே நீட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்தி அவள் முகத்தைப் பார்த்தார். ஜப்தியின் பெயரில் எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்து, எத்தனையோ முகங்களைப் பார்த்த கண்.

"நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அப்பாவைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"காலையில. கிளம்பும்போது."

"அப்ப உயிரோட இருந்தாரா?"

"இருந்தார்."

"பேசினாரா?"

"இல்லை. மூச்சு இருந்துச்சு."

"அதுக்கப்புறம் அவரைப் பத்தி உங்களுக்கு யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. "இல்லை" என்றாள். அது உண்மை. இவ்வளவு அசிங்கமான உண்மையை அவள் அதுவரை சொன்னதில்லை.

"போடுங்க."

அவள் கையெழுத்துப் போட்டாள். பேனா தாளில் ஓர் இடத்தில் குத்தி ஓட்டை விழுந்தது. போடும்போது போன் நின்றுவிட்டது. பின்னாலேயே ஒரு குறுஞ்செய்தி வந்த சத்தம் கேட்டது. அதையும் பார்க்கவில்லை.

நாளைக்காரர் இன்னொரு முறை இழுப்பறையைத் திறந்தார். அமீனா எழுந்து நின்று, இனிமேல் தேட வேண்டாம், பூட்டை உடைத்து வண்டியை எடுத்துப்போகத் தனக்கு உத்தரவு இருக்கிறது, கண்ணாடி உடையும், ஒயர் அறுபடும், அந்த நஷ்டம் அவர் தலையில்தான் விடியும் என்று சொன்னார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நாளைக்காரர் தன் கால்சட்டைப் பையில் கையை விட்டார்.

"அட, இங்கயே இருந்திருக்கு" என்றார். கொஞ்சங்கூட வெட்கப்படவில்லை. சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அவருக்கும் வயதாகிவிட்டது தெரிந்தது.

கிரேனை எடுப்பது லேசில் முடியவில்லை. பேட்டரி இறங்கிக் கிடந்தது. டிரைவர் வேறொரு லாரியை நிறுத்தி ஒயர் கொடுத்து உசுப்பினான். அமீனா வண்டியைச் சுற்றி வந்து, எண்ணை எழுதி, டயரின் நிலைமையை எழுதி, கண்ணாடியில் கோர்ட் தாளை ஒட்டினார். பசை காய்கிறவரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றார். அவள் ஒவ்வொன்றையும் இதுதான், இதுதான் என்று கை காட்டினாள். அந்த நேரத்தில் போன் இன்னும் ஒரு தடவை அடித்தது. இந்த முறை வெகுநேரம் அடித்தது. எடுத்து வெளியே எறிந்துவிடலாமா என்று இருந்தது. அழுகிற பிள்ளையை மடியில் போட்டு அமுக்குகிற மாதிரி பையை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டாள்.

கிரேன் உறுமிக்கொண்டு நகர்ந்தது. கேட்டில் இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம்தான் இருந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்து, அங்குலம் அங்குலமாக நகர்த்தி, பின்சக்கரம் ரோட்டில் இறங்கியதும் ஒரு தடவை ஹாரன் அடித்தான். இத்தனை வருஷம் அவள் கனவு கண்ட சத்தம். இதை அப்பாவிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். அவர் சாவி விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பார். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. தோள்பட்டை வலித்தது.

அமீனா கோப்பைக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"வண்டி கேட்டைத் தாண்டிடுச்சு. இப்ப எடுத்துப் பேசுங்கம்மா" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். சொல்லிவிட்டு கிரேனுக்குப் பின்னால் தன் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவள் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. ரோட்டுக்கு வந்து, வந்த முதல் வாடகைக் காரை மறித்து ஏறிக்கொண்டாள். பின்சீட்டில் உட்கார்ந்து குறுஞ்செய்தியைத் திறக்கப் போனவள், வேண்டாம் என்று வைத்துவிட்டாள். அவளுக்குத்தான் தெரிந்த விஷயமாயிற்றே. எழுத்தில் வேறு பார்க்க வேண்டுமா? வழியெல்லாம் சன்னல் பக்கம் திரும்பி அழுதாள். கார்க்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரேடியோவை நிறுத்தினார்.

தம்பி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்து வீட்டு அக்கா உள்ளேயிருந்து நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வருவதைப் பார்த்ததும் ஒரு நாற்காலியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள். தம்பி எழுந்திருக்கவில்லை.

"பிடிச்சாச்சா?" என்றான்.

"பிடிச்சாச்சு."

அவன் தலையை ஆட்டினான். அவள் படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ முதல் தடவை கூப்பிட்டப்பவே தெரிஞ்சுபோச்சுடா. எடுத்திருந்தா எல்லாம் போயிருக்கும். நம்ம ரெண்டு பேரும் இத்தனை வருஷம் பட்ட பாடு..." கைப்பையைக் கீழே வைத்தாள். "மன்னிச்சுக்கடா. தனியாக் கிடந்து அல்லாடியிருப்பே."

தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தான். என்ன சொல்கிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்தது அவன் முகத்தில் தெரிந்த விதத்தைப் பார்த்து அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

"அக்கா, நான் கூப்பிடலை" என்றான்.

"உன் பேர்தானே வந்துச்சு."

"என் போன்தான். கூப்பிட்டது அப்பா." அவன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "நீ போய்க் கொஞ்ச நேரத்துல முழிச்சுக்கிட்டாரு. நல்லாவே முழிச்சுக்கிட்டாரு. தண்ணி கேட்டாரு. நீ எங்கன்னாரு. சொன்னேன். போனைப் போட்டுக் குடுடான்னாரு. கூப்பிட வேண்டாம்னு சொல்லியிருக்கான்னு சொன்னேன். அதெல்லாம் எனக்கா, குடுடான்னுட்டாரு. அவரேதான் காதுல வச்சுக்கிட்டாரு. நீ எடுக்கலைன்னதும் திருப்பிப் போடச் சொன்னாரு. எடுக்க மாட்டாப்பா, வேலையா இருப்பான்னேன். மணி அடிக்குதுல்ல, எடுத்துருவான்னாரு. அதான் அப்பா பேசணுமாம்னு மெசேஜ் போட்டேன். அதையும் நீ பார்க்கலை."

பக்கத்து வீட்டு அக்கா நாற்காலியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

"என்ன பேசணும்னாரு?"

"கேட்டேன். எங்கிட்டச் சொல்லுங்க, நான் சொல்லிடறேன்னேன். உங்கிட்டதான் பேசணும்னுட்டாரு."

கையெழுத்துப் போட்ட நேரத்தில் அப்பா உயிரோடுதான் இருந்திருக்கிறார். தாளில் அவள் பொய் எழுதவில்லை. போனை எடுத்திருந்தால், அங்கேயே, நாளைக்காரர் ஆசைப்பட்ட மாதிரி ஸ்பீக்கரில் போட்டு, கேளுங்கள் என் அப்பாவின் குரலை என்று காட்டியிருக்கலாம். கிரேனும் வந்திருக்கும், குரலும் கிடைத்திருக்கும்.

"எப்பப் போனாரு?" என்றாள் கடைசியில்.

"போன் காதுலயே இருந்துச்சு. வாங்கப் போனா விடலை. அதுமேலயே கன்னத்தை வச்சுப் படுத்துக்கிட்டாரு. அப்புறம் மூச்சு மறுபடி மாறிடுச்சு. நான் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ கூப்பிட்டியே, அப்ப அங்கதான் அடிச்சுது. அவர் காதுக்கிட்டயே."

"கேட்டுச்சாடா அவருக்கு?"

தம்பி வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியலைக்கா" என்றான்.

அவள் உள்ளே போனாள். கட்டிலில் அப்பாவை மல்லாக்கப் படுக்கவைத்து, கழுத்துவரை துணி போர்த்தியிருந்தார்கள். முகம் துடைத்தாகிவிட்டது. சின்ன ஆளாகத் தெரிந்தார். பக்கத்தில் போய்க் குனிந்தாள். வலது கன்னத்தில், காதிலிருந்து தாடைவரைக்கும், அடிக்கோல் வைத்து அழுத்தியதுபோல் நேராக ஒரு பள்ளம் ஓடியது. முடிகிற இடத்தில் வளைந்திருந்தது. நீர் கோத்த உடம்பு. எங்கே அழுத்தினாலும் குழி விழுந்து நிற்கும்.

கட்டை விரலால் அந்த இடத்தை நீவிவிட்டாள். கீழிருந்து மேலாக ஒரு தடவை, மேலிருந்து கீழாக ஒரு தடவை. உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி வைத்துப் பார்த்தாள். பள்ளம் எழும்பவில்லை.

வாசலில் செருப்புகளைக் கழற்றுகிற சத்தமும், தம்பியிடம் யாரோ தாழ்ந்த குரலில் விசாரிப்பதும் கேட்டது. அவள் ஒரு முக்காலியை இழுத்து, அந்தக் கன்னம் இருந்த பக்கமாகப் போட்டு, வருகிறவர்களுக்கு மறைக்கிற மாதிரி நெருக்கமாக உட்கார்ந்துகொண்டாள்.